சூடானின் பாட்டு: திக்ர் மஜ்லிஸிலிருந்து வானொலி வரை

சூடான் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது போர்ச் செய்திகள்தான். 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் இடையே மூண்ட சண்டை, 1 கோடிக்கும் மேற்பட்ட மக்களை வீடு வாசலை விட்டு வெளியேற வைத்தது. ஆனால் ஒரு நாட்டை அதன் துயரத்தின் வழியாக மட்டும் அறிந்துகொள்வது அந்த மக்களுக்கு நியாயம் செய்வதாகாது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் சூடானியர்களோடு பழக்கம் உண்டு. வெள்ளைத் தலைப்பாகையும் தளர்ந்த அங்கியும் அணிந்த அவர்கள் தேநீர் நேரத்தில் கைப்பேசியில் எதையோ கேட்டு, மெல்லத் தலையசைப்பதைப் பார்த்திருப்போம். அவர்கள் கேட்பது என்ன, அது எங்கிருந்து வந்தது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இசை, இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை வாசகர்கள் அறிவர். சூடானிலும் அந்த விவாதம் உண்டு. சில காலம் அது மிகக் கடுமையாகவும் இருந்தது. அந்த விவாதத்துக்குத் தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமல்ல. ஒரு முஸ்லிம் சமூகம் தன் மகிழ்ச்சியையும் துக்கத்தையும் நபி நேசத்தையும் நாட்டுப் பற்றையும் எப்படிப் பாடியது என்ற வரலாற்றை மட்டும் சொல்கிறோம்.

அரபு மொழி, ஆப்பிரிக்க இசை

சூடான் பாட்டை முதன்முதலாகக் கேட்பவர் ஒன்றைக் கவனிப்பார். பாடல் அரபியில்தான் இருக்கும். ஆனால் எகிப்திலும் லெபனானிலும் கேட்கும் அரபுப் பாட்டைப் போல இருக்காது. காரணம், அதன் சுர அமைப்பு. அரபு இசையின் ‘மகாம்’ முறையில் ஏழு சுரங்களும், அவற்றுக்கு இடைப்பட்ட நுண்ணிய கால் சுரங்களும் வரும். நைல் நதிக்கரைச் சூடானின் பாட்டோ பெரும்பாலும் ஐந்தே சுரங்களில் அமைந்தது. மோகனம் போன்ற ஐந்து சுர ராகங்களைக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அண்டை நாடான எத்தியோப்பியாவின் பாட்டும் ஐந்து சுரப் பாட்டுத்தான். அதனால்தான் சூடான் பாடகர்களுக்கு அரபு நாடுகளைவிட எத்தியோப்பியா, எரித்திரியா, சோமாலியா, சாட் போன்ற நாடுகளில் அதிக ரசிகர்கள் கிடைத்தார்கள். பாடுவது அரபியில் என்றாலும், அரபி அறியாத அந்த மக்களுக்கும் அது தங்கள் பாட்டாகவே கேட்டது.

இந்தப் பாட்டுக்கு மூன்று வேர்கள் உண்டு. ஒன்று நபி புகழ்ப்பாடல். இரண்டாவது பெண்களின் பாட்டு. மூன்றாவது, நாட்டின் நான்கு மூலைகளிலும் வாழும் பற்பல இனத்தவரின் தாளங்களும் கருவிகளும்.

முதல் வேர்: மதீஹ்

சூடானில் இஸ்லாம் பரவியதில் சூஃபி தரீக்காக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. காதிரிய்யா, கத்மிய்யா, ஸம்மானிய்யா, திஜானிய்யா எனப் பல தரீக்காக்கள் அங்கே வேரூன்றியுள்ளன. நபி (ஸல்) அவர்களைப் புகழ்ந்து பாடும் பாட்டுக்கு அங்கே ‘மதீஹ்’ என்று பெயர். பேச்சு வழக்கு அரபியில், குர்ஆன் ஓதத் தெரியாத விவசாயிக்கும் புரியும்படி அமைந்த பாடல்கள் இவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடக்கு நைல் கரையில் வாழ்ந்த ஹாஜ் அல்-மாஹி இந்தக் கலையில் மிகப் பெரிய பெயர். ‘தார்’ என்ற வட்டத் தோல் கருவியை மட்டும் தட்டிக்கொண்டு பாடும் அவருடைய முறையை, தலைமுறை கடந்து அவருடைய வழித்தோன்றல்கள் இன்னும் காத்து வருகிறார்கள். நம் ஊர் பக்கீர்மார்கள் கையில் இருக்கும் தாயிராவைப் பார்த்தவர்களுக்குத் தாரை அடையாளம் காண்பது எளிது.

தலைநகர் கார்ட்டூமுக்கு எதிர்க்கரையில் உள்ள ஓம்துர்மான் நகரில், ஷெய்க் ஹமத் அந்நீல் அடக்கத்தலத்தின் முன் வெள்ளிக்கிழமை தோறும் அஸருக்குப் பின் காதிரிய்யா தரீக்காவினர் கூடுவது நெடுநாள் வழக்கம். பச்சையும் சிவப்புமான உடையணிந்தவர்கள் ‘நோபா’ என்ற பெரிய முரசின் ஒலிக்கு ஏற்ப வட்டமாக நின்று திக்ர் செய்வார்கள். மீலாது ஊர்வலங்களும் கொண்டாட்டங்களும் சூடானில் அத்தனை முக்கியமானவை. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ அவற்றை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆண்டு பல மைதானங்களில் கொண்டாட்டத்துக்குப் பதில் குண்டுச் சத்தம் கேட்டது என்பது வேதனையான உண்மை.

மதீஹ் பாடிப் பழகிய குரல்களே பின்னாளில் காதலையும் நாட்டையும் பாடின. மெட்டுகளும் அங்கிருந்தே வந்தன. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிப் பாடும் முறையும் அப்படித்தான். சூடானில் பக்திப் பாட்டும் பொதுப் பாட்டும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்.

இரண்டாவது வேர்: பெண்களின் பாட்டு

சூடானில் கல்யாண வீடு என்றால் ‘தலூக்கா’ சத்தம் கேட்க வேண்டும். களிமண்ணால் செய்து ஒரு பக்கம் ஆட்டுத் தோல் கட்டிய முரசு அது, வாசிப்பவர்கள் பெண்கள். மருதாணி இடும் இரவு, மணமக்களுக்குச் சடங்கு செய்யும் ‘ஜிர்திக்’, மணப்பெண்ணைப் பெண்கள் மட்டும் சூழ்ந்திருக்கும் வேளை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. மாப்பிள்ளையின் குலப்பெருமை, மணமகளின் அழகு, வெளியூர் போன கணவனின் பிரிவு, மாமியாரைப் பற்றிய கிண்டல் எல்லாம் அதில் வரும். இவற்றை ‘பெண்பிள்ளைகளின் பாட்டு’ என்றே அழைக்கிறார்கள். 1930களில் வெள்ளை நைல் கரையிலுள்ள கோஸ்தி போன்ற நகரங்களில் பெண்கள் பரப்பிய ‘தும்தும்’ தாளம் நாடெங்கும் பரவி, பின்னாளில் பெரிய வாத்தியக் குழுக்களின் தாளமாகவும் ஆனது.

மேற்கே கொர்தோஃபான், தார்ஃபூர் பகுதிகளில் ‘ஹக்காமா’ என்ற பெண் கவிஞர்கள் இருக்கிறார்கள். இவர்களின் செல்வாக்கு வியப்பூட்டுவது. வீரனைப் புகழ்ந்து ஹக்காமா பாடினால் அவன் பெயர் ஊரெங்கும் பரவும். கோழை என்றோ கஞ்சன் என்றோ பாடிவிட்டால் அவன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. சண்டைக்கு ஆண்களைத் தூண்டிவிட்ட பாடல்களும் உண்டு. அதனாலேயே சமாதானத்துக்கு உழைப்பவர்கள் ஹக்காமாக்களைத் தேடிப் போய், அதே வாயால் இணக்கத்தைப் பாடச் சொன்னதும் உண்டு. ஒரு பாட்டுக்கு எத்தனை வலிமை, அதைப் பாடுபவருக்கு எத்தனை பொறுப்பு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மூன்றாவது வேர்: மண்ணின் கருவிகள்

வடக்கே நூபியர்களிடமும் ஷாய்கிய்யா மக்களிடமும் ‘தம்பூர்’ என்ற நரம்புக் கருவி உண்டு. நம் தம்புராவுக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. தோல் போர்த்திய கிண்ணம் போன்ற அடிப்பாகம், அதிலிருந்து விரியும் இரண்டு கைகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டை, அதிலிருந்து இறங்கும் ஐந்து நரம்புகள் என்று பார்ப்பதற்குப் பண்டைய யாழின் உறவினர் போல இருக்கும். நூபியர்கள் இதைக் ‘கிஸிர்’ என்கிறார்கள். செங்கடல் கரையில் வாழும் பெஜா மக்களிடமும் இதே வகைக் கருவி வேறு பெயரில் உண்டு.

கொர்தோஃபான் சமவெளியில் மாடு மேய்க்கும் பக்காரா மக்களின் ‘மர்தூம்’ தாளம், காலால் தரையைத் தட்டி ஆடுவதிலிருந்து பிறந்தது. நீல நைல் பகுதியில் சுரைக் குடுக்கைகளை ஒன்றோடொன்று பொருத்திச் செய்யும் ‘வாஸா’ என்ற நீண்ட ஊதுகருவி உண்டு. ஒரு கருவி ஒரு சுரம் மட்டுமே தரும். பலர் முறை வைத்து ஊதினால்தான் பாட்டு முழுமையாகும். பழைய சுல்தான்களும் குலத் தலைவர்களும் வைத்திருந்த ‘நஹாஸ்’ என்ற செப்பு முரசு ஆட்சி அதிகாரத்தின் அடையாளம். போரோ மரணமோ நேர்ந்தால் அதன் ஒலியைக் கேட்டு மக்கள் திரள்வார்கள்.

ஓம்துர்மானில் நடந்த கலப்பு

தனித்தனியாக இருந்த இந்த மரபுகள் எங்கே ஒன்று சேர்ந்தன? அதற்கு விடை ஓம்துர்மான். 1885இல் கார்ட்டூமை வென்ற மஹ்தி இயக்கத்தினர் ஓம்துர்மானைத் தலைநகராக்கினர். மஹ்தியின் வாரிசான கலீஃபா அப்துல்லாஹி, மேற்குப் பகுதிக் குலங்களைப் பெருமளவில் அங்கே குடியேற்றினார். 1898இல் பிரிட்டிஷ் படை மஹ்தி ஆட்சியை வீழ்த்திய பிறகும் அந்தக் கலவையான நகரம் நீடித்தது. ஹஜ்ஜுக்காக நைஜீரியா போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து சூடான் வழியாக நடந்தே வந்து, வழியில் தங்கிப்போன குடும்பங்களும் நாடெங்கும் இருந்தன. இப்படிப் பல மொழி, பல குலம் சேர்ந்த இடத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு பாட்டு தேவைப்பட்டது.

1920களில் உருவான அந்தப் பாட்டைப் பின்னாளில் ‘ஹகீபா’ என்று அழைத்தார்கள். ஒரு முதன்மைப் பாடகர், பின்பாட்டுக்குச் சிலர், கைத்தட்டல், ‘ரிக்’ என்ற சிறு சலங்கைத் தப்பு. இவ்வளவுதான் அதன் கருவிகள். முஹம்மது அஹ்மத் ஸரூரும் கரூமாவும் இதில் புகழ்பெற்ற பாடகர்கள். இப்ராஹீம் அல்-அப்பாதி புகழ்பெற்ற கவிஞர். கல்யாண வீடுகளில் பாடப்பட்ட இந்தப் பாடல்கள் கெய்ரோவில் இசைத்தட்டுகளாகப் பதிவாகி ஓம்துர்மான் கடைகளுக்கு வந்தன. ‘ஹகீபா’ என்றால் கைப்பை. 1950களில் பழைய இசைத்தட்டுகளை ஒலிபரப்பிய வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குக் ‘கலைப் பை’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே பாட்டு வகைக்கும் ஒட்டிக்கொண்டது.

ஹகீபா காலத்திலேயே பாட்டு அரசியலையும் தொட்டுவிட்டது. நூபியரான கலீல் ஃபரஹ் ‘அஸ்ஸா’ என்ற பெண்ணை நோக்கிப் பாடுவதுபோல் ஒரு பாடலை இயற்றினார். கேட்டவர்களுக்கு அஸ்ஸா யாரென்று தெரியும்: அடிமைப்பட்டிருந்த தாய்நாடு. 1924இல் பிரிட்டிஷாருக்கு எதிரான கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பிறகு, வெளிப்படையாகப் பேச முடியாததைக் காதல் பாட்டின் உறைக்குள் வைத்துச் சொன்னார்கள். கலீல் ஃபரஹ் 1932இல் இறந்தார். அஸ்ஸா இன்னும் பாடப்படுகிறாள்.

வானொலி வந்த பிறகு

1940இல், இரண்டாம் உலகப் போர்ப் பிரசாரத்துக்காகப் பிரிட்டிஷார் ஓம்துர்மானில் வானொலி தொடங்கினார்கள். ஓம்துர்மான் அஞ்சலகத்தின் ஒரு சிறு அறையிலிருந்து ஒலிபரப்பு. கேட்பதற்கு ஊர்ச் சதுக்கங்களில் ஒலிபெருக்கி. பிரசாரம் மறந்துபோயிற்று, பாட்டு நின்றது. நாட்டின் ஒரு கோடியில் பாடியவரை மறுகோடி கேட்டது. கைத்தட்டலும் ரிக்கும் இருந்த இடத்துக்கு ஊத் எனும் அரபு நரம்புக் கருவி, வயலின் வரிசை, அக்கார்டியன் எல்லாம் வந்து சேர்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாத இப்ராஹீம் அல்-காஷிஃப், இந்தப் புதிய வாத்தியக் குழுப் பாட்டின் முன்னோடிகளில் ஒருவரானார்.

அதே வானொலியில் பாடிய முதல் சூடான் பெண் ஆயிஷா அல்-ஃபல்லாத்திய்யா. மேற்கு ஆப்பிரிக்க வழிவந்தவர்களைச் சூடானில் ‘ஃபல்லாத்தா’ என்பார்கள். அவருடைய பெயரே குடும்பத்தின் வேரைச் சொல்கிறது. கல்யாண வீட்டில் பெண்களிடையே பாடியது வரை யாரும் எதிர்க்கவில்லை. ஊரே கேட்கும்படி பாடியபோது எதிர்ப்புகள் எழுந்தன. போர்க்காலத்தில் சூடான் படைவீரர்களிடையே பாடவும் அவர் தன் சகோதரியுடன் பயணம் செய்தார். 1970களின் தொடக்கத்தில் ‘அல்-பலாபில்’ (புல்புல் பறவைகள்) என்ற பெயரில் மூன்று நூபியச் சகோதரிகள் மேடையேறியபோது, அவர் திறந்த வழி அகலமாகியிருந்தது.

சுதந்திரம் பெற்ற 1956ஐ அடுத்த இருபது முப்பது ஆண்டுகளைச் சூடான் பாட்டின் பொற்காலம் என்பார்கள். அந்தக் காலத்தின் மிகப் பெரிய பெயர் முஹம்மது வர்தி. 1932இல் வடக்கே ஸவார்தா என்ற நூபிய ஊரில் பிறந்தவர்; பள்ளி ஆசிரியராக இருந்தவர்; 1957இல் வானொலிக்கு வந்தார். நூபிய மொழியிலும் அரபியிலும் பாடினார். 1964 அக்டோபரில் மக்கள் எழுச்சி ராணுவ ஆட்சியைக் கவிழ்த்தபோது அதற்குக் குரல் கொடுத்தார். எகிப்தின் அஸ்வான் அணையால் நூபியர்களின் ஊர்கள் நீரில் மூழ்கியதை எதிர்த்தார். நிமைரி ஆட்சியில் சிறை, 1989 ராணுவப் புரட்சிக்குப் பின் வெளிநாட்டு வாழ்க்கை, 2002இல் தாயகம் திரும்பல் என்று நாட்டின் வரலாறே அவருடைய வரலாறும் ஆனது. 2012இல் கார்ட்டூமில் இறந்தார்.

அவரோடு அப்துல் கரீம் அல்-காப்லியையும் சொல்ல வேண்டும். துறைமுக நகரான போர்ட் சூடானில் பிறந்த இவர் பாடகர் மட்டுமல்ல, நாட்டார் மரபு ஆய்வாளரும்கூட. கிராமத்துப் பாடல்களைத் தேடிச் சேகரித்து நகர மேடைக்குக் கொண்டுவந்தார். ஷர்ஹபீல் அஹ்மத் மின்கிதாரை அறிமுகப்படுத்தி ‘சூடான் ஜாஸ்’ என்ற புது வகைக்கு வித்திட்டார். அப்துல் காதிர் ஸாலிம் கொர்தோஃபானின் மர்தூம் தாளத்தை உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். கருவிகள் புதியவை; அடியில் ஓடியது அதே ஐந்து சுரம், அதே கிராமத்துத் தாளம்.

ஒடுக்குமுறையும் எதிர்ப்பும்

1989இல் உமர் அல்-பஷீர் ஆட்சியைப் பிடித்த பிறகு மார்க்கத்தின் பெயரால் பாடகர்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்க வேண்டும்; பல பாடல்கள் வானொலியில் தடைபட்டன; பலர் நாட்டை விட்டுப் போனார்கள். 1994 நவம்பரில் ஓம்துர்மான் கலைஞர்கள் மன்றத்தில் கத்தியோடு புகுந்த ஒருவன் பாடகர் கோஜலி உஸ்மானைக் கொன்றான்; அப்துல் காதிர் ஸாலிமும் காயமடைந்தார். இசை கூடுமா கூடாதா என்ற கருத்து வேறுபாட்டை அறிஞர்கள் நூற்றாண்டுகளாகப் பேசி வந்திருக்கிறார்கள். அதைக் கத்தியால் பேச மார்க்கத்தில் இடமில்லை என்பதைச் சூடான் மக்கள் அன்று துக்கத்தோடு நினைத்துக்கொண்டார்கள்.

பாட்டு அடங்கவில்லை. ஒலிநாடாக்களில் கை மாறிக் கை மாறிப் பரவியது. இளைஞர்களின் அபிமானப் பாடகர் மஹ்மூத் அப்துல் அஸீஸ் 2013இல் ஜோர்டானில் இறந்து உடல் கார்ட்டூம் வந்தபோது, விமான நிலையமே மக்கள் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 ஏப்ரலில் பஷீருக்கு எதிராக ராணுவத் தலைமையகத்தின் முன் மக்கள் அமர்ந்தபோது, வெள்ளைத் தோப் உடுத்திய ஆலா ஸலாஹ் என்ற மாணவி கார் மேல் நின்று கவிதை சொல்ல, கூட்டம் எதிர்க்குரல் கொடுத்த காட்சியை உலகமே பார்த்தது. ஒருவர் அடி எடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் அந்த முறை நமக்கு இப்போது தெரிந்ததுதானே? திக்ர் மஜ்லிஸிலும் கல்யாண வீட்டிலும் பழகிய அதே முறை.

இன்று என்ன நிலை?

2023 போரின் முதல் நாளே ஓம்துர்மான் வானொலி, தொலைக்காட்சி வளாகம் துணை ராணுவப் படையின் கைக்குப் போனது. 2024 மார்ச்சில்தான் ராணுவம் அதை மீட்டது. எண்பது ஆண்டுகளின் குரல்கள் ஒலிநாடாக்களில் இருந்த இடம் பதினொரு மாதங்கள் போர்க்களமாக இருந்தது. வீடு இடிந்தால் கட்டிக்கொள்ளலாம். இறந்தவர்களின் குரல் இருக்கும் நாடா எரிந்தால் திரும்பக் கிடைக்காது.

2023 மே மாதம் ஓம்துர்மானில் தன் வீட்டில் இருந்த பாடகி ஷாதின் கர்தூத் பாய்ந்து வந்த குண்டுக்குப் பலியானார். கொர்தோஃபானின் பக்காரா மக்களின் பாட்டுகளையும் ஹக்காமா மரபையும் ஆராய்ந்து, அவற்றைச் சமாதானத்துக்காகப் பாடி வந்தவர் அவர். போர் ஒரு மனிதரைக் கொல்லும்போது அவர் நினைவில் வைத்திருந்த பாடல்களும் சேர்ந்தே போகின்றன.

இருந்தாலும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. பழைய ஆவணங்களையும் படங்களையும் பதிவுகளையும் மின்வடிவில் காக்கும் ‘சூடான் மெமரி’ என்ற திட்டம், போருக்கு முன்பே, 2022இல் இணையத்தில் திறக்கப்பட்டது. அதே 2022இல் போர்ட் சூடானின் நூரி என்ற கலைஞர், தம்பூரையும் மின்கிதாரையும் இணைத்துத் தானே செய்த கருவியில் பெஜா மெட்டுகளை உலகம் கேட்கும்படி பதிவு செய்தார். கெய்ரோவிலும் நைரோபியிலும் அகதிகளாக வாழும் சூடானியர்கள் கல்யாண வீடுகளில் இன்னும் தலூக்கா தட்டுகிறார்கள்.

வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சூடான் சகோதரரைச் சந்தித்தால், வர்தியைக் கேட்டதுண்டா என்று விசாரித்துப் பாருங்கள். ஹாஜ் அல்-மாஹியின் மதீஹ் தெரியுமா என்று கேளுங்கள். அவருடைய நாட்டைப் பற்றிப் போரைத் தவிர வேறொன்றையும் யாரோ அறிந்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். அந்த மண்ணில் அமைதி திரும்பவும், இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீடுகளுக்குப் போய்ச் சேரவும் வல்ல இறைவன் அருள்புரிவானாக.